பொறியின் குளிரும் அயனின் குளிரும்

தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் விடிகாலைப் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்து கிடக்கும். பள்ளத்துத் தேயிலையில் கொழுந்து கருகிப் போயிருக்கும். அதே நேரத்தில், நாலடி உயரத்தில் வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி 3 அல்லது 4 பாகை செல்சியஸ் காட்டிக்கொண்டிருக்கும். வெப்பமானியில் பிழையில்லை. அது தன்னைச் சுற்றியுள்ள வளியின் வெப்பநிலையைச் சொல்கிறது. இலையோ இரவு முழுக்கத் தெளிந்த வானத்துக்குத் தன் வெப்பத்தைக் கதிராக விட்டுவிட்டு, வளியைவிடக் குளிர்ந்து பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இலையின் வெப்பநிலை வேண்டுமென்றால் இலையில்தான் அளக்க வேண்டும்.

மின்னேற்றமுள்ள மூலக்கூறுகளை, அதாவது அயன்களை, வெற்றிடத்தில் மின்புலத்தால் பிடித்து வைத்துக் குளிரூட்டும் கருவி குளிர் அயன் பொறி. அதோடு வேலை செய்பவர்கள் ஒவ்வொரு நாளும் எதிர்கொள்வது இதே சிக்கலைத்தான், திசை மட்டும் எதிர். பொறியின் செப்புச் சுவரில் திருகி வைத்த உணரி 4 கெல்வின் என்கிறது. உள்ளே மிதக்கும் அயன்கள் 12 கெல்வினில் இருக்கலாம், 30 கெல்வினிலும் இருக்கலாம். ஆய்வுக் கட்டுரைகள் இதை ஒரு வரியில் கடந்து போகும். மலையகத்திலிருந்து பேராதனைக்குப் போய்ப் பௌதிகவியலோ இரசாயனவியலோ படிப்பவர்களில் சிலராவது இந்தப் பக்கம் வர வேண்டும் என்ற ஆசையில், அந்த ஒரு வரியை இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் பேசப்போவது அனயன்களை, அதாவது மறையேற்றமுள்ள அயன்களைப் பற்றி. முதலில், ஏன் அனயன்? ஒரு மூலக்கூறு மேலதிகமாக ஓர் இலத்திரனைப் பிடித்து வைத்திருக்கும் பிடி மிகத் தளர்வானது. ஐதரொட்சைட்டு அனயனிலிருந்து அந்த இலத்திரனைக் கழற்ற 1.83 இலத்திரன்வோல்ற்று போதும். சிவப்பு லேசர் ஒன்றே அதைச் செய்துவிடும். இந்தத் தளர்ச்சியால், பெரும்பாலான அனயன்களுக்கு இலத்திரன் கழலாமல் தாங்கும் அருட்டிய இலத்திரன் நிலைகளே கிடையாது. இரண்டு காபன் அணுக்கள் சேர்ந்த அனயன் போன்ற ஒரு சிலதான் விலக்கு. லேசரால் அருட்டி, திரும்ப வரும் ஒளியைப் பார்க்கும் வழமையான முறை ஆகவே இங்கே உதவாது. ஒளி உறிஞ்சலை நேரடியாக அளக்கலாமா என்றால், பொறிக்குள் இருப்பது ஆயிரத்திலிருந்து இலட்சம் வரையான அயன்கள். அவ்வளவு சொற்பத்தால் கற்றையில் ஏற்படும் குறைவை எந்த உணரியும் காணாது. மிஞ்சுவது, ஒளி பட்டபின் அயனுக்கு என்ன ஆனது என்று பார்ப்பது. இலத்திரன் கழன்றதா, ஒட்டியிருந்த அணு பிரிந்ததா, எத்தனை அயன்கள் மிஞ்சின என்று எண்ணுவது.

விண்வெளியில் முதல் மூலக்கூற்று அனயன் 2006இல்தான் அடையாளம் காணப்பட்டது. ஆறு காபனும் ஓர் ஐதரசனும் நேர்கோட்டில் கோர்த்த அனயன் அது. இடப இராசித் திசையிலுள்ள டீஎம்சி-1 என்ற குளிர்ந்த முகிலிலும், ஐஆர்சி+10216 என்ற காபன் நிறைந்த விண்மீனைச் சுற்றிய உறையிலும் அதைக் கண்டார்கள். அந்த விண்மீனிலிருந்து வந்த, யாருடையது என்று தெரியாத கோடுகள் சில அதற்குப் பத்தாண்டு முன்பே பட்டியலில் இருந்தன. ஆய்வுகூடத்தில் அதே மீடிறன்களை அளந்த பிறகே அவற்றுக்குப் பெயர் கிடைத்தது. ஆய்வுகூட அளவீடு இல்லாவிட்டால் தொலைகாட்டியின் கோடு அனாதைக் கோடுதான். அந்த முகில்கள் 10 கெல்வின் அளவில் இருப்பவை. அதனால் நம் அயன்களும் அந்தக் குளிருக்கு வர வேண்டும். வந்துவிட்டன என்று நிரூபிக்கவும் வேண்டும்.

இதற்குப் பெரும்பாலும் எடுக்கும் கருவி, ஜெர்மனியில் டீட்டர் கேர்லிச் 1990களில் உருவாக்கிய 22 முனைப் பொறி. 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள 22 உருக்குக் கோல்கள், 5 மில்லிமீற்றர் உள்ளாரையுள்ள வட்டத்தில் நிற்கும். நீளம் 4 சென்ரிமீற்றர் அளவு. ஒன்றுவிட்ட ஒரு கோலாக இரண்டு குழுக்களுக்கும் எதிர்க்கட்டத்தில் ரேடியோ மீடிறன் வோல்ற்றளவு கொடுக்கப்படும். இரு முனையிலும் சில வோல்ற்று மறை அழுத்தத்தில் உருளை மின்வாய்கள் நின்று அனயன்களைத் திருப்பி அனுப்பும். கற்றயன் (நேரேற்றமுள்ள அயன்) பொறியிலிருந்து வருபவர்கள் முதல் நாளில் இந்தக் குறியை மாற்ற மறந்துவிட்டு, ஏன் ஒரு அயனும் தங்கவில்லை என்று தேடுவது வழக்கம்.

ஏன் இத்தனை கோல்கள்? நான்கு கோல் பொறியில் தடுக்கும் சக்தி ஆரையின் இரண்டாம் அடுக்காக ஏறும். 22 கோலில் அது இருபதாம் அடுக்கு. பாதி ஆரையில் நான்கு கோல் பொறியின் தடுப்பு, விளிம்பில் இருப்பதில் நாலில் ஒன்று. 22 கோலில் பத்து இலட்சத்தில் ஒன்று. அதாவது நடுப்பகுதி முழுவதும் வெட்டவெளி, சுவர் விளிம்பை நெருங்கினால்தான். ரேடியோ புலம் வலுவான இடத்தில் அயன் எப்போதும் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தின் நடுவே ஓர் ஈலியம் அணு வந்து மோதினால், நடுக்கத்தின் சக்தி ஒழுங்கற்ற வெப்ப இயக்கமாக மாறிவிடும். ரேடியோ வெப்பமேற்றல் என்பது இதுதான். வெட்டவெளி பெரிதானால் மோதல்களில் பெரும்பங்கு நடுக்கமில்லாத இடத்தில் நடக்கும்.

ஐதரொட்சைட்டை எடுத்துக் கணக்குப் போடுவோம். திணிவு 17 அலகு, மீடிறன் 10 மெகாஹேட்ஸ், வீச்சம் 100 வோல்ற்று. உள்ளாரையின் பத்தில் எட்டுப் பங்கு தூரத்தில் அந்தத் தடுக்கும் சக்தி (பயன்படு அழுத்தச் சக்தி) சுமார் 0.2 இலத்திரன்வோல்ற்று. 10 கெல்வினில் வெப்ப இயக்கத்தின் சக்தி வெறும் 0.86 மில்லி இலத்திரன்வோல்ற்று என்பதால் தடுப்பு தாராளம். அதே இடத்தில், இயக்கம் ஒழுங்காக இருக்கிறதா என்று சொல்லும் அடையபெற்றிக் எண் 0.17, இது 0.3க்குள் நிற்க வேண்டும் என்பது நடைமுறை விதி. மீடிறனை 5 மெகாஹேட்ஸாகக் குறைத்தால் அந்த எண் நாலு மடங்காகி எல்லையைத் தாண்டிவிடும், அயன்கள் கோலில் போய் முட்டித் தொலையும். பாரமான அயனுக்குச் சரிவந்த அமைப்பை அப்படியே இலேசான அயனுக்குப் போடாதீர்கள். வீச்சத்தைக் கூட்டினால் பாதுகாப்பு என்ற எண்ணமும் தவறு. கூட்டக் கூட்ட வெப்பமேற்றலும் கூடும். அயன்கள் தங்கும் மிகக் குறைந்த வீச்சத்தைத் தேடிக்கொண்டு, அதற்குச் சற்று மேலே நிற்பது நல்லது.

குளிரூட்டுவது ஈலியம். சுவரின் குளிரை அயனுக்குக் கொண்டுபோகும் ஒரே ஆள் அதுதான். கன சென்ரிமீற்றருக்கு 10¹⁴ அணுக்கள் இருந்தால், ஓர் ஐதரொட்சைட்டு அயன் விநாடிக்கு சுமார் 60,000 தடவை ஈலியத்தோடு மோதும். சில மில்லிசெக்கன்களில் குளிர்ந்துவிடும். மோதலே இல்லாமல் கதிர்ப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஹைடல்பேர்க்கில் அயன்களை வெற்றிடத்தில் சுற்றவிடும் குளிர்ச் சேமிப்பு வளையம் சான்று. அங்கே ஐதரொட்சைட்டின் முதற் சுழற்சி நிலை, சுழற்சியே இல்லாத அடிநிலைக்கு இறங்க மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு அயன்கள் அடிநிலைக்கு வர இருபது நிமிடம் காத்திருக்கிறார்கள்.

ஈலியத்தின் அடர்த்தியை அளப்பதில் இரண்டு இடத்தில் கால் இடறும். அயனாக்க அமுக்கமானி நைதரசனுக்கு அளவுதிருத்தப்பட்டது. ஈலியத்தை அது ஐந்து, ஆறு மடங்கு குறைத்தே காட்டும். அதைத் திருத்திய பின்பும், அமுக்கமானி இருப்பது அறை வெப்பநிலையில், பொறி இருப்பது 10 கெல்வினில். இந்த அமுக்கத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதைவிடச் சுவரோடு மோதுவதே அதிகம் என்பதால், இரு பக்கமும் அமுக்கம் சமமாகாது. அடர்த்தி, வெப்பநிலை விகிதத்தின் வர்க்கமூலத்தின்படி பிரியும். 300க்கு 10 என்றால் பொறிக்குள் அடர்த்தி வெளியே இருப்பதைவிட 5.5 மடங்கு. இதை விட்டுவிட்டால் தாக்க வேகங்கள் எல்லாம் அதே மடங்கு பிழைக்கும்.

ஈலியம் இலேசாக இருப்பது இன்னொரு விதத்திலும் கைகொடுக்கிறது. சுழற்சியின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது மோதலின் சார்பு வேகம். அதில் அயனின் ஓட்ட வெப்பநிலைக்கு (அயன் இடம்விட்டு இடம் நகரும் வேகத்தின் வெப்பநிலை) ஈலியத்தின் திணிவும், ஈலியத்தின் வெப்பநிலைக்கு அயனின் திணிவும் நிறையாக நிற்கும். ஐதரொட்சைட்டின் ஓட்டம் ஏதோ காரணத்தால் 30 கெல்வினில் மாட்டிக்கொண்டு, ஈலியம் 10 கெல்வினில் இருந்தால், சுழற்சி 14 கெல்வினுக்குக் கிட்ட வரும். ஆகவே ஒரே அயன் கூட்டத்துக்கு ஓட்ட வெப்பநிலை ஒன்று, சுழற்சி வெப்பநிலை ஒன்று, சுவருக்கு வேறொன்று. எந்த வெப்பநிலையைச் சொல்கிறோம் என்று எழுதாத கட்டுரையை நான் பாதி அளவீடாகவே எடுப்பேன்.

அப்படியானால் அயனிடமே எப்படிக் கேட்பது? ஐதரொட்சைட்டு இதற்கு வரமாக வந்த மூலக்கூறு. அடிநிலையில் இருக்கும் அயனின் இலத்திரனைக் கழற்ற 678.4 நனோமீற்றரோ அதைவிடக் குறுகியதோ ஆன ஒளி வேண்டும். முதற் சுழற்சி நிலையில் இருப்பதற்கு ஏற்கனவே கொஞ்சம் சக்தி கையிலிருப்பதால் 680.1 நனோமீற்றர் போதும். இரண்டாவது நிலைக்கு 683.6. லேசரை 679 நனோமீற்றரில் வைத்தால் அடிநிலை அயன்கள் அசையாமல் இருக்கும், அதற்கு மேலே இருப்பவை மட்டும் இலத்திரனை இழக்கும். அயன் தொகை குறையும் வேகத்திலிருந்து மேல்நிலையில் எத்தனை பங்கு என்பது தெரியும், அதிலிருந்து வெப்பநிலை. 20 கெல்வினில் முதற் சுழற்சி நிலையில் சுமார் 17 சதவீதம் இருக்கும். 10 கெல்வினில் 1.4 சதவீதம், 8 கெல்வினில் 0.35. இரண்டு கெல்வின் மாற்றத்துக்கு நாலு மடங்கு வித்தியாசம் காட்டும் வெப்பமானி வேறெங்கே கிடைக்கும்? அறை வெப்பநிலையில் அடிநிலையில் இருப்பது பத்தில் ஒன்றுகூட இல்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்த்தல் நிறமாலையை ஏன் இவ்வளவு சுத்தமாக்குகிறது என்று விளங்கும்.

இதே உத்தியை இன்னொரு படி மேலே கொண்டுபோனவர்கள் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபான் ஷ்லெம்மர் குழுவினர். லேசரை மேல்நிலையை மட்டும் கழற்றும் அலைநீளத்தில் நிறுத்திவிட்டு, கூடவே ரெறாஹேட்ஸ் கதிரையும் செலுத்தினார்கள். அது 1.123 ரெறாஹேட்ஸைத் தொடும்போது அடிநிலை அயன்கள் மேலே ஏறும், ஏறியவுடன் லேசர் அவற்றைக் கழற்றும், அயன் தொகை சட்டென்று சரியும். ஓர் அனயனின் சுழற்சிக் கோட்டை, ஒளி உறிஞ்சலைப் பார்க்காமலே, எண்ணிக்கையின் சரிவை வைத்துப் பிடித்துவிட்டார்கள். 2014இல் வெளிவந்த வேலை அது. இந்தத் துறையில் மிக அழகான வேலை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அளவீட்டின் ஒழுங்கு எளிது. ஓர் ஆயிரம் அயன்களை ஏற்றுவது, ஒரு நூறு மில்லிசெக்கன் குளிரவிடுவது, லேசரைத் திறப்பது, குறித்த நேரத்தின் பின் வெளியே இழுத்து எண்ணுவது. அடுத்த சுற்றில் லேசரை மூடியபடி அதையே செய்வது. லேசர் இல்லாமலும் அயன்கள் மெல்லக் குறையும் என்பதால் இரண்டையும் மாறி மாறி எடுக்க வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் மற்றது என்று எடுத்தால் அயன் ஊற்றின் தளம்பல் எல்லாவற்றையும் மூடிவிடும். ஒளி இலத்திரனைக் கழற்றும் வாய்ப்பைப் பரப்பாகச் சொல்லும் ஒளிக்கழற்றல் குறுக்குவெட்டு 5×10⁻¹⁸ சதுர சென்ரிமீற்றர் என்று வைத்து, 10 மில்லிவாற்றுச் சிவப்பு ஒளியைப் பொறியின் அரைச் சதுர சென்ரிமீற்றர் வெட்டுமுகம் முழுவதற்கும் சராசரியாக்கினால், கழற்றக்கூடிய நிலையிலுள்ள அயனின் ஆயுள் சுமார் 3 விநாடி வரும். இலத்திரன் கழலத் தொடங்கும் எல்லைச் சக்திக்கு மிக அருகே குறுக்குவெட்டு இதைவிடச் சிறிது. பௌதிகவியலாளர் விக்னர் 1948இல் தந்த விதிப்படி அது மேலதிகச் சக்தியின் ஓர் அடுக்காக ஏறும். ஐதரொட்சைட்டு மூலக்கூறு இருமுனை உடையது என்பதால் அந்த அடுக்கு விதியிலிருந்து சற்று விலகும். அப்போது இன்னும் நீண்ட நேரம் சேமிக்க வேண்டிவரும்.

இந்த வெப்பமானியும் பொய் சொல்லக்கூடும், இரண்டு வழியில். டயோட் லேசரிலிருந்து நாம் கேட்ட அலைநீளத்தோடு, அகன்ற மெல்லிய பின்னணி ஒளியும் வரும். அதில் 678.4க்குக் கீழேயுள்ள பகுதி அடிநிலை அயன்களைக் கழற்றும். நாம் தேடுவது நூற்றில் ஒன்று. அடிநிலையில் இருப்பது தொண்ணூற்றொன்பது. பின்னணி ஆயிரத்தில் சில பங்கு இருந்தாலும் கணக்கு கெட்டு, அயன்கள் உண்மையைவிடச் சூடாகத் தெரியும். கீற்றணியிலோ ஒடுங்கிய வடிகட்டியிலோ தட்டி எடுத்த பிறகே ஒளியைப் பொறிக்குள் விட வேண்டும். மற்றது இதற்கு எதிர்ப்பக்கம். லேசர் வலுவாகவும் ஈலியம் ஐதாகவும் இருந்தால், மேல்நிலையில் கழன்ற இடத்தை மோதல்கள் நிரப்ப முன்னரே லேசர் அடுத்ததையும் கழற்றிவிடும். மேல்நிலை வெறிச்சோடும், அயன்கள் உண்மையைவிடக் குளிர்ந்ததாகத் தெரியும். லேசர் வலுவைப் பாதியாக்கிப் பாருங்கள். இழப்பு வேகமும் சரிபாதியானால் நம்பலாம்.

நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டியது நீராவியைப் பற்றி. 10 கெல்வினில் வெப்ப இயக்கம் 0.86 மில்லி இலத்திரன்வோல்ற்று என்றேன். கோலின் மேல் உறைந்த ஒரு திட்டுப் பனி காவலியாகிவிடும். வழிதவறிய அயன்களும் இலத்திரன்களும் அதில் ஏறி உட்கார்ந்தால் 10 மில்லிவோல்ற்று மிகச் சாதாரணமாகச் சேரும். அது 116 கெல்வினுக்குச் சமமான மேடு. பள்ளமாக அமைந்தால் அயன்கள் அதற்குள் இறங்கி, நடுக்கம் மிகுந்த கோல் ஓரத்திலேயே குடியிருந்து சூடேறும். கோல்கள் இம்மியளவு சாய்ந்தாலே இது நடக்கும்: லேசர் கற்றையைப் பொறியின் குறுக்கே புள்ளி புள்ளியாக நகர்த்தி அயன் அடர்த்தியைப் படமெடுத்த ஓர் ஆய்வில், ஒரே வெட்டவெளி இருக்க வேண்டிய இடத்தில் ஓரத்தில் பத்துப் பள்ளங்கள் தெரிந்தன. 2009இல் வெளியான அந்த முடிவைப் பார்த்த பின்பு யாரும் கோல்களைக் கண்மட்டத்தில் பொருத்த மாட்டார்கள்.

நம் மலைநாட்டு ஈரப்பதத்தில் இது இரட்டிப்புச் சிக்கல். தென்மேல் பருவத்தில் அறைக்குள்ளேயே மூடுபனி வந்து நிற்கும் ஊர்களில் வெற்றிடக் கூட்டைச் சும்மா திறந்தால், உருக்குச் சுவர் நீரைக் குடித்துக்கொள்ளும். அதைத் திரும்ப வெளியேற்ற நாட்கணக்கில் பம்பி ஓட வேண்டும். திறக்கும்போது உலர் நைதரசனால் நிரப்பி, அது மெல்ல வெளியே வழிந்துகொண்டிருக்கும்போதே வேலையை முடித்து மூடுங்கள். பிறகு கூட்டை 100 பாகைக்கு மேல் சூடாக்கி இரண்டு நாள் பம்பி ஓட்டுங்கள். பொறியில் இந்தியம் தகடு இருந்தால் அந்தப் பகுதிக்குச் சூடு போகக்கூடாது, இந்தியம் 157 பாகையில் உருகும். ஈலியம் வரும் குழாயையும் மறக்க வேண்டாம். 99.9999 சதவீதத் தூய ஈலியமாக இருந்தாலும், புதிதாக இணைத்த குழாய்க்குள் நீர் இருக்கும். குழாயின் ஒரு வளைவைத் திரவ நைதரசனில் அமிழ்த்திவைப்பது மலிவான காப்பு.

கட்டுமானப் பொருட்களில் சிலவற்றின் பெயர் இலங்கை வாசகருக்குப் பழக்கமானது. கோல்களைக் குளிரோடு இணைக்க வேண்டும், மின்னால் பிரிக்கவும் வேண்டும்; இரண்டையும் சேர்த்துச் செய்வது நீலக்கல். தாழ்வெப்பநிலையில் அது வெப்பத்தை நன்றாகக் கடத்தும் காவலி. இரத்தினபுரியின் கல் வேண்டாம், செயற்கைத் தகடு போதும். மின்வாய்களின் மேற்பரப்பு அழுத்தத்தைச் சீராக்கப் பூசுவது காரீயக் (பென்சிற்கரி) கூழ். பொறியைச் சுற்றிய கூடு ஒட்சிசன் நீக்கிய செப்பு, அதன் மேல் தங்க முலாம்.

வெளியே எடுத்த அயன்களை எண்ணும் நுண்கால்வாய்த் தட்டிலும் குறி மாறும். கற்றயனுக்குத் தட்டின் முன்பக்கம் மறை இரண்டாயிரம் வோல்ற்று, பின்பக்கம் புவி. அனயனுக்கு முன்பக்கமும் நேர், பின்பக்கம் அதைவிட இரண்டாயிரம் வோல்ற்று கூட நேர். ஆகவே துடிப்பை உயர் வோல்ற்றளவிலிருந்து ஒரு கொள்ளளவி வழியாகப் பிரித்தெடுக்க வேண்டும். நேர் அழுத்தம் சுற்றுவட்டத்திலுள்ள இலத்திரன்களையும் இழுக்கும். ஊதாக்கடந்த லேசர் கோலில் பட்டுக் கிளப்பும் இலத்திரன்கள் அயன் வரும் நேரத்துக்கு முன்பே வந்துவிடும், நேர வாசல் வைத்து அவற்றைத் தள்ளிவிடலாம்.

பெரிய மூலக்கூறுகளுக்குப் பொறி ஒரு குளிர் அறை மட்டும்தான். அளவீடு வெளியே நடக்கும். பேர்க்லியில் டானியல் நியூமார்க்கும், பிறவுண் பல்கலைக்கழகத்தில் லாய்-ஷெங் வாங்கும் அனயன்களைக் குளிர்த்து வெளியே எடுத்து, லேசரால் கழன்ற இலத்திரனின் வேகத்தைப் படமாக எடுக்கிறார்கள். 60 காபன் ஃபுலரீனின் இலத்திரன் நாட்டம் (அதன் அனயனிலிருந்து மேலதிக இலத்திரனைக் கழற்றத் தேவையான சக்தி) 2.6835 இலத்திரன்வோல்ற்று என்ற துல்லியத்துக்கு வந்தது குளிர்த்த பின்புதான். இங்கே ஈலியத்தைத் தொடர்ந்து விடாமல் துடிப்பாக விட்டு, சில பத்து மில்லிசெக்கனில் பம்பி அதை உறிஞ்சிய பிறகே அயன்களை இழுக்க வேண்டும். ஈலியம் மிஞ்சியிருக்கும்போது இழுத்தால், வேகமெடுத்த அயன்கள் அதோடு மோதி, பட்ட பாடெல்லாம் வீணாகச் சூடேறும்.

இப்படியொன்றை நம் உயரத்தில் நிறுவுவோர் மனதில் வைக்க வேண்டிய கணக்குகள் வேறு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். வளியமுக்கம் சுமார் 81 கிலோபாஸ்கல், கடற்கரையைவிட ஐந்திலொன்று குறைவு. வளி ஐதானால் மின்பொறி பாய்வது எளிது, ஆகவே கூட்டுக்கு வெளியேயுள்ள உயர் வோல்ற்றளவு இணைப்புகளுக்கு இடைவெளி கூட்ட வேண்டும். விசிறியால் குளிரும் டர்போ பம்பியும் கம்பிரசரும் அதே காரணத்தால் சூடாக ஓடும். நீரால் குளிர்த்துவது நல்லது, நீருக்கு நம்மிடம் குறைவில்லை. பேராதனை 500 மீற்றர் அளவில்தான் என்பதால் அங்கே இது பெரிதாகத் தெரியாது.

மின்சாரம் பெரிய விஷயம். 4 கெல்வினில் ஒன்றரை வாற்று வெப்பத்தை அகற்றும் குளிராக்கியின் கம்பிரசர் ஏழு கிலோவாற்று அளவில் மும்முனை மின் எடுக்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்து இடிமழையில் மின் போனால் பொறி மெல்லச் சூடேறும். கோலிலும் கவசத்திலும் உறைந்திருந்த வாயுக்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும், முதலில் நைதரசன், பிறகு காபனீரொட்சைட்டு, 150 கெல்வினுக்குக் கிட்ட நீர். பம்பிக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள வால்வு மின் போனவுடன் தானே மூடும் வகையாக இருக்க வேண்டும். மின் வந்தவுடன் குளிராக்கியைப் போட்டுவிடும் அவசரம்தான் கெடுதல்: கவசத்தில் கிடந்த நீர் இப்போது எங்கும் பரவியிருக்கும், முதலில் குளிர்வது எதுவோ அதில் போய் ஒட்டும். பொறியை அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, அமுக்கம் 10⁻⁷ மில்லிபார் வரும்வரை பம்பி ஓட்டுங்கள். பிறகு குளிராக்கியைத் தொடங்கும்போது பொறியில் பொருத்திய சிறு வெப்பமாக்கியையும் சேர்த்துப் போட்டு, வெளிக்கவசம் 100 கெல்வினுக்குக் கீழே போகும்வரை பொறியை 200 கெல்வினுக்கு மேலேயே பிடித்து வையுங்கள். நீர் கவசத்தில் உறையும், கோல்கள் சுத்தமாக இருக்கும். அதன் பிறகு வெப்பமாக்கியை அணைத்து, பொறி 10 கெல்வினுக்கு வந்ததும், வேறெந்த அளவீட்டுக்கும் முன்பு ஐதரொட்சைட்டை ஏற்றி 679 நனோமீற்றரில் ஒரு தடவை அளந்து பாருங்கள்.